உறைமழையில் ஒரு ராட்டினம்

போன மாதம் எங்கள் பழைய வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. முன்பு பம்பர் கார் ஓடிய கொட்டகையை நான்கு பக்கமும் அடைத்து, உள்ளே செயற்கைப் பனி கொட்டி, 'ஸ்நோ ஹால்' ஆக்கியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு குட்டி ராட்டினம், பிள்ளைகளுக்கு ஒரு ரயில். வெளியே பினாங்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே வேலை செய்பவர்கள் கம்பளிக் குல்லாவோடு நின்று சிரிக்கிறார்கள். படத்தின் கீழே ஷாமினி எழுதியிருந்தாள்:

"கோமதி அக்கா, நம்ம குரூப்ல குளிர்ல ரைட் ஓட்டினது நீங்க ஒரு ஆளுதான். ஏதாச்சும் சொல்லிக் குடுங்க லா. நேத்து ராட்டினத்துக் கதவு ஒட்டிக்கிச்சு. தொறக்கவே மாட்டேங்குது."

குரலில் பதிவு செய்து அனுப்பலாம் என்றுதான் தொடங்கினேன். பேசப் பேச நீண்டுகொண்டே போனது. நடுவில் எங்கள் ஆயர் ஈத்தாம் பாசாரின், அதாவது சந்தையின், சத்தம் வேறு. சரி, எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது தற்செயல். பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. மலையடிவாரத்தில் புதிதாகத் திறந்த கேளிக்கைப் பூங்காவில் டிக்கெட் கொடுக்க ஆள் எடுத்தார்கள். சேர்ந்தேன். டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. கத்திக்கொண்டே இறங்கி வருபவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ரைட், அதாவது ராட்டினம் போன்ற சவாரிகளை, ஓட்டும் பயிற்சிக்கு மனுப் போட்டேன். முதலில் குடை ராட்டினம், பிறகு கப்பல் ஊஞ்சல், பிறகு ரோலர் கோஸ்டர், கடைசியில் எல்லாவற்றுக்கும் மேற்பார்வையாளர் என்று படிப்படியாக ஏறினேன். எங்கள் பூங்காவில் எங்களுக்கு இருந்த எதிரிகள் மூன்று பேர்: மழை, துரு, குரங்கு. காலையில் கோஸ்டர் தண்டவாளத்தில் குரங்குகள் குடும்பத்தோடு உட்கார்ந்து வெயில் காயும். காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டினால்தான் எழுந்து போகும். சில பெரிய குரங்குகள் வண்டி பக்கத்தில் வரும்வரை அசையாது, நம்மைத்தான் பயமுறுத்தும்.

குளிர் எங்கள் பட்டியலில் இருந்ததே இல்லை. எங்கள் முதலாளிக்கு ஜப்பானின் வடக்கில் ஒரு பூங்காவோடு தொழில் தொடர்பு ஏற்பட்ட பிறகுதான் அது வந்தது. அங்கே குளிர்காலத்தில் பூங்கா முழுவதும் விளக்கு அலங்காரம் செய்வார்கள், கூட்டம் அலைமோதும், ஆனால் வேலைக்கு ஆள் கிடைக்காது. இங்கிருந்து இரண்டு பேரைக் குளிர்காலம் முழுவதும் அனுப்புவது, அவர்கள் முறைகளைக் கற்றுக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. பெருந்தொற்றுக்கு முந்தைய சில ஆண்டுகள் இது நடந்தது. என் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். கணவர், "போய்ட்டு வா, நான் சமைச்சுக்கிறேன்" என்றார். (சமைக்கவில்லை. தினமும் கடையில்தான் சாப்பிட்டார் என்று பிறகு தெரிந்தது.)

என்னோடு வந்தது ஜெகன். பாகான் டாலாம்காரர், மெக்கானிக். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார், குரலும் அப்படித்தான். விமான நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. நாங்கள் இங்கே ஏர்கண்டிஷன் கொஞ்சம் கூடிவிட்டால் 'செஜோக், செஜோக்' என்று, குளிருது என்பதை மலாயில் சொல்லி, கையைத் தேய்ப்போமே, அந்தச் சொல்லை ஜெகன் அன்றோடு விட்டுவிட்டார்.

"இது செஜோக் இல்லக்கா. இது தண்டன. நாம என்ன தப்பு லா பண்ணோம்?"

அந்தப் பூங்காவில் எங்களுக்கு மேலதிகாரி மொரித்தா-சான். 'சான்' என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. என்னைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவர், மெலிந்த பெண். முதல் நாள் இவரை அலுவலகத்தில் தேநீர் கொடுப்பவர் என்று நினைத்து ஜெகன் ஒரு கோப்பை கேட்டுவிட்டார். அவரும் போய்க் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஆங்கிலத்தில், "குடித்து முடித்ததும் வாருங்கள். நான் உங்களுக்கு ராட்டினத்தைக் காட்ட வேண்டும்" என்றார். ஜெகன் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மொரித்தா-சான் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதையாவது பிசகிச் செய்தால் திட்டமாட்டார். பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். நாம் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பார். பார்த்ததும், எந்த இடத்தில் பிசகியதோ அந்த இடத்தைத் தன் விரலால் தொட்டுக் காட்டுவார். அவ்வளவுதான். திட்டு வாங்கியே பழகிய எனக்கு முதல் வாரம் அது மிகவும் சிரமமாக இருந்தது. எங்கள் பழைய மேலாளர் கத்தினால் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விடலாம். இவர் பேசாமல் நிற்பதை எந்தக் காதில் விடுவது?

ஷாமினி, உனக்குப் பயன்படும் என்று அங்கே காலையில் செய்தவற்றைச் சொல்கிறேன்.

விடிந்ததும் முதல் வேலை பனி கூட்டுவது. படிக்கட்டு, மேடை, கூண்டுகளின் கூரை. கூரையைக் கட்டாயம் கூட்ட வேண்டும். ஒரு பக்கத்துக் கூண்டுகளில் மட்டும் பனி குவிந்தால் ராட்டினத்தின் எடை ஒரு பக்கம் சாயும். படிக்கட்டில் உப்புத் தூவுவார்கள், ஆனால் இரும்புப் பக்கம் ஒரு கல் உப்புக்கூடப் போகக் கூடாது, துருப்பிடிக்கும். பிறகு கதவுகள். ஒவ்வொரு கதவையும் திறந்து, மூடி, விளிம்பில் இருக்கும் ரப்பரைக் காய்ந்த துணியால் துடைத்து, ஒட்டாமல் இருக்க எண்ணெய்ப் பசை பூச வேண்டும். ஒட்டிக்கொண்ட கதவில் வெந்நீர் ஊற்றக் கூடாது. ஊற்றும்போது திறக்கும். அடுத்த சுற்றில் அந்த நீரே உறைந்து இரண்டு மடங்கு இறுகிவிடும். கண்ணாடியும் விரியும். ஈரமில்லாத சூடான காற்றுதான் மருந்து.

கோஸ்டருக்கு வேறு கதை. குளிரில் சக்கரத்துக்குள் இருக்கும் கிரீஸ் கெட்டியாகிவிடும். வண்டி சோம்பலாக ஓடும். ஆகவே காலி வண்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சூடேற்ற வேண்டும். அப்படியும் வேகம் வராவிட்டால் அன்றைக்குத் திறக்கவே கூடாது. ஆள் ஏறிய வண்டி ஏதாவது ஒரு மேட்டில் ஏற முடியாமல் பின்னால் வழுக்கி, பள்ளத்தில் நின்றுவிடும். மடிமேல் இறங்கும் தடுப்புக் கம்பியிலும் கவனம் வேண்டும். எல்லாரும் மெத்தைமாதிரி கோட்டுப் போட்டிருப்பார்கள். கம்பி கோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, இறுகிவிட்டதுபோலப் பாவனை காட்டும். கோட்டுப் பொத்தானை அவிழ்க்கச் சொல்லி, மறுபடியும் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு நம் கை. பட்டனை அழுத்தும் கையில் உறை போடக்கூடாது என்பது மொரித்தா-சானின் சட்டம். "எதை அழுத்துகிறோம் என்று விரலுக்குத் தெரிய வேண்டும்" என்பார். மற்ற நேரமெல்லாம் என் வலக்கை சட்டைப் பையில், உறையைப் பிரித்தால் தானே சூடாகும் சின்னச் சூட்டுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

முதல் குளிர்காலத்தில் ஒரு விடுமுறை நாள். காலையிலிருந்தே கோஸ்டருக்கு வரிசை நீண்டு, பாப்கார்ன் கடையைச் சுற்றி, நுழைவாசல்வரை போய்விட்டது. காலி வண்டி ஓடியது. நான் மேடையில் நின்று பார்க்கிறேன். வண்டி கடைசி மேட்டில் ஏறும்போது இழுத்துக்கொண்டு ஏறியது. மறுபடியும் ஓட்டினோம். அதே இழுப்பு. நான் மொரித்தா-சானைப் பார்த்தேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டார்: "உங்கள் ஊராக இருந்தால் என்ன செய்வீர்கள்?"

"எங்கள் ஊரில் வண்டி இப்படி ஓடாது. ஓடினால் திறக்க மாட்டேன்."

"நல்லது" என்றார். உடனே குல்லாவைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையை நோக்கி நடந்தார். முன்னால் நிற்பவர்களிடம் போகாமல், வரிசையின் வாலுக்குப் போனார். கடைசியில் வந்து சேர்ந்த குடும்பத்தின் முன் குனிந்து வணங்கி, இன்று ஓடாது, மன்னிக்கவும் என்றார். அங்கிருந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே முன்னால் வந்தார். ஏன் பின்னாலிருந்து என்று அப்புறம் கேட்டேன். "முன்னாலிருந்து தொடங்கினால், நான் பேசி முடிப்பதற்குள் பின்னால் இன்னும் பலர் வந்து வீணாகக் குளிரில் நின்றுவிடுவார்கள்" என்றார். அன்று தலையில் பனி விழுந்து விழுந்து, முன்வரிசைக்கு வரும்போது அவர் முடி வெள்ளையாகிவிட்டது. கோபமாக நின்ற ஓர் ஆள், தன் குடையை நீட்டி அவருக்குப் பிடித்தார். எனக்கு மொரித்தா-சான்மேல் அன்று வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

இனி நீ கேட்ட கதவுக்கு வருகிறேன்.

அது இரண்டாவது குளிர்காலம். மாலை நாலு மணிக்கே அங்கே இருட்டத் தொடங்கிவிடும், விளக்குகளை ஏற்றிவிடுவார்கள். நான் பெரிய ராட்டினத்தின் மேடையில் இருந்தேன். அது நிற்காமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கூண்டு மேடையை ஒட்டி ஊர்ந்து போகும்போது கதவைத் திறந்து ஆளை இறக்கி, வேறு ஆளை ஏற்றி, கதவைப் பூட்டிவிட வேண்டும். ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம்போல ஆகும்.

வரிசையில் தமிழ்க்குரல் கேட்டது. நடுநடுவே 'லா' வேறு. எனக்குத் தலை தானாகத் திரும்பியது. அறுபது தாண்டிய ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு அவர்கள் மகள். எங்கள் பினாங்குப் பக்கம் சிம்பாங் அம்பாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர்கள். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும், "அட, நம்ம ஆளு!" என்று கூவிவிட்டார். பெயர் புஷ்பம். கணவர் ராஜமாணிக்கம். பிள்ளைக்குக் குளிரும் என்று மகள் கீழேயே நின்றுகொண்டாள். பைகளையும் அவளே வைத்துக்கொண்டாள். பெரியவர்கள் இருவரும் ஏறினார்கள். நான் கதவைப் பூட்டினேன். கையசைத்துக்கொண்டே மேலே போனார்கள்.

அவர்கள் உச்சியைத் தாண்டும் நேரத்தில் மழை பிடித்தது. பனி இல்லை; மழை. அந்த ஊரில் அரிதாக வரும் ஒரு மழை அது. தண்ணீராகத்தான் விழும்; எதன்மேல் படுகிறதோ அங்கேயே கண்ணாடிபோல உறைந்துவிடும். உறைமழை என்று சொல்லலாம். சில நிமிடங்களில் கைப்பிடி, கம்பி, விளக்கு எல்லாம் பளபளவென்று மின்னத் தொடங்கின. மொரித்தா-சான் ஓடிவந்தார். இனி யாரையும் ஏற்ற வேண்டாம், இறக்கி மட்டும் விடுங்கள் என்றார். இறக்கிக்கொண்டே வந்தோம். புஷ்பம் அக்காவின் கூண்டு வந்தது. கொக்கியை இழுத்தேன். வரவில்லை. ஜெகன் வந்து இழுத்தார். கொக்கிக்குள்ளேயே பனி இறுகிவிட்டது. உள்ளே ராஜமாணிக்கம் அண்ணன் கதவைப் பிடித்து உலுக்குகிறார்.

"ஏம்மா, தொற லா! இவளுக்கு மூச்சு வாங்குது!"

அதற்குள் கூண்டு மேடையைத் தாண்டிவிட்டது. அது மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம்.

ஏன் ராட்டினத்தை நிறுத்தவில்லை என்று நீ கேட்பாய். அதைச் சுழற்றுவது பெரிய சக்கரத்தின் விளிம்பை அழுத்திக்கொண்டு உருளும் ரப்பர் டயர்கள். உறைமழையில் நிறுத்தினால் விளிம்பெல்லாம் பனி பிடித்து, டயர் வழுக்கி, மறுபடியும் கிளம்பாமல் போகலாம். அவர்களுக்குப் பின்னால் வந்த கூண்டுகளில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு கதவுக்காக நின்றால் மற்ற எல்லாரும் அந்தக் குளிரில் உயரத்தில் மாட்டிக்கொள்வார்கள். மொரித்தா-சான் ஒரு கணம்தான் யோசித்தார். "சுற்றிக்கொண்டே இருக்கட்டும். எல்லாரையும் இறக்குவோம்" என்றார். மற்றவர்களை இறக்கினோம். இன்னும் இரண்டு கூண்டுகளின் கதவுகளும் திறக்கவில்லை. அவையும் மேலே போயின.

இதற்குள் மகள் மேடைக்கு ஓடிவந்துவிட்டாள். கையில் அம்மாவின் பை. "அம்மாவுக்கு இளைப்பு இருக்கு. இன்ஹேலர் இதுல இருக்கு. ஐயோ, நான்தான் வெச்சிருக்கேன்…" குழந்தை அழுகிறது, அவளும் அழுகிறாள். மேலே அந்தக் கூண்டு ஆடுவது தெரிந்தது. ராஜமாணிக்கம் அண்ணன் கதவை உதைக்கிறார். உதைக்க உதைக்கக் கொக்கி கோணும். கோணினால் பிறகு எந்தச் சூட்டுக்கும் மசியாது.

எல்லாக் கூண்டுகளிலும் ஒலிபெருக்கி உண்டு. இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கும்; அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. ஒரு கூண்டுக்கு மட்டும் தனியாகப் பேசவும் முடியாது. மொரித்தா-சான் ஜப்பானிய மொழியில் நிதானமாக அறிவித்துக்கொண்டிருந்தார். அந்த இருவருக்கும் அதில் ஒரு சொல்கூடப் புரியாது. நான் அவர் தோளைத் தொட்டேன். "என்னிடம் கொடுங்கள்" என்றேன். மைக்கை உடனே நீட்டினார்.

மைக்கை வாயருகே பிடித்தேன். 

"அண்ணே, நான் கீழருந்து கோமதி பேசறேன். கதவ ஒதைக்காதீங்க. ஒதச்சா கொக்கி கோணிக்கும். கைய எடுத்துடுங்க, தொடவே தொடாதீங்க. இன்ஹேலர் ஒங்க மக கையில இருக்கு. இந்தச் சுத்துல கீழ வரப்ப நாங்க உள்ள குடுத்துடுவோம். கண்ணாடிக்குக் கீழ ஒரு சின்ன தடுப்பு இருக்கு பாருங்க, காத்து வர்றதுக்கு. அதத் தள்ளித் தொறந்து வைங்க. ஒங்க கைய மட்டும் அங்க வைங்க."

கூண்டின் ஆட்டம் நின்றது. கேட்டுவிட்டது என்று தெரிந்தது. ஆனால் கீழே வர இன்னும் பாதிச் சுற்று இருந்தது. இளைப்புக்காரர்களுக்குப் பயம் வந்தால் இளைப்பு இன்னும் கூடும். என் மூத்த மகனை வைத்து எனக்கு அது தெரியும். பேச்சை நிறுத்தினால் அந்த அம்மா பயப்படுவார். பேச வேண்டும். என்ன பேசுவது? எங்கள் ஆயர் ஈத்தாம்தான் வாயில் வந்தது.

"அக்கா, புஷ்பம் அக்கா, கண்ண மூடிக்கங்க. நாம ரெண்டு பேரும் ஆயர் ஈத்தாம் பாசார் பக்கம் லக்சாக் கடையில உக்காந்திருக்கோம். இப்பத்தான் கொண்டாந்து வெச்சான். கொதிக்குது. புளி வாசம், மீன் வாசம், மேல புதினா, அன்னாசி. சாப்ட முடியாது, சுடும். ஊதணும். மூக்கால மெதுவா இழுங்க… வாசம் வருதா? இப்ப வாயக் குவிச்சு ஊதுங்க. மெதுவா… லக்சா தெறிச்சிடக் கூடாது. இன்னும் சுடுது. மறுபடியும் மூக்கால இழுங்க… ஊதுங்க…"

மகனுக்கு இளைப்பு வந்தபோது மருத்துவமனையில் தாதி சொல்லிக்கொடுத்த மூச்சுத்தான் அது. லக்சா மட்டும் என் சேர்க்கை. எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியாது. லக்சா ஆறவே இல்லை. மொரித்தா-சான் என் பக்கத்தில், ராட்டினத்தை நிறுத்தும் பட்டனுக்கு மேலே கையுறை இல்லாத கையை வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றார்.

கூண்டு வந்தது. கண்ணாடிக்குக் கீழே தடுப்பு திறந்திருந்தது, ஆனால் வெளிப்பக்கம் பனி மூடி ஒரு விரல் நுழையும் இடம்தான் இருந்தது. ஜெகன் ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார். ஓடு உடைவதுபோல உடைந்து விழுந்தது. உள்ளே ஐந்து விரல்கள் தெரிந்தன. மகள் கொடுத்த இன்ஹேலரை அந்தக் கையில் வைத்து மூடினேன். கூடவே என் பையிலிருந்த சூட்டுப் பொட்டலத்தையும் திணித்தேன். ஐஸ்போல இருந்த அந்த விரல்கள் என் விரல்களை ஒரு முறை இறுக்கிப் பிடித்தன. பிறகு கூண்டு போய்விட்டது.

அந்தச் சுற்றில், மாட்டிக்கொண்ட மற்ற இரண்டு கூண்டுகளும் வந்தன. புஷ்பம் அக்காவின் கூண்டு போன பிறகு ஜெகன் ஊழியர் அறைக்கு ஓடி முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்திருந்தார்; அதை வைத்துக் கொக்கியில் சூடான காற்றை அடித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் மட்டும் ராட்டினத்தை நிறுத்தினோம். திறந்தன. ஆட்கள் இறங்கினார்கள். இப்போது மேலே அந்த இருவர் மட்டும். கடைசியாக அவர்கள் கீழே வந்ததும் மொரித்தா-சான் பட்டனை அழுத்தினார். ராட்டினம் நின்றது. இனி எவ்வளவு நேரமானாலும் நிற்கலாம்.

ஜெகன் சூட்டுக் காற்றைப் பிடிக்க, நான் கண்ணாடி வழியாகப் பேசினேன். உதைத்ததில் கொக்கி சற்றுக் கோணித்தான் இருந்தது. "அண்ணே, கதவ ஒங்க பக்கம் லேசா இழுத்துப் புடிங்க… இப்ப வுடுங்க." டக் என்று ஒரு சத்தம். கதவு திறந்தது.

முதலில் ராஜமாணிக்கம் அண்ணன் இறங்கி, மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். புஷ்பம் அக்கா இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி தானே நடந்து இறங்கினார். முகம் வெளிறியிருந்தது, மூச்சு சீராக இருந்தது. மகளைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "கடைசி வரைக்கும் சாப்டவே வுடலியே நீ" என்றார். ஜெகன் சிரித்த சிரிப்பில் மேடையே அதிர்ந்தது. நான் மட்டும் அழுதேன்.

மருத்துவர் வந்து பார்த்து, பயமில்லை என்றார். காத்திருப்பு அறையில் எல்லாருக்கும் சூடான சூப் கொடுத்தோம். மாட்டிக்கொண்ட மற்ற கூண்டுகளில் இருந்தவர்களும் அங்கே இருந்தார்கள். வயதான ஒரு ஜப்பானியர் எழுந்துவந்து என் முன்னால் கைகூப்பிக் குனிந்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மொரித்தா-சான் ஆங்கிலத்தில் சொன்னார்:

"ஒலிபெருக்கியில் நீங்கள் ஓதிய பிரார்த்தனைக்கு நன்றி சொல்கிறார். மொழி புரியவில்லை, ஆனால் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தோம், பயம் போய்விட்டது என்கிறார். அது எந்தப் பிரார்த்தனை?"

"அது பிரார்த்தனை இல்லை. மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். சூடாக இருக்கிறது, ஊதிச் சாப்பிடுங்கள் என்று சொன்னேன்."

மொரித்தா-சான் முகம் மாறாமல் அந்தப் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "அவரிடம் சொல்ல வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் காலை, பூங்கா திறப்பதற்கு முன் எல்லாரையும் கூட்டினார். முதல் துளி விழுந்ததுமே ஏற்றுவதை நிறுத்தியிருக்க வேண்டும், சில நிமிடம் தாமதித்தது தன் முடிவு, வேறு யாருடையதும் இல்லை என்று சொல்லி, எங்கள் எல்லார் முன்னாலும் குனிந்து நின்றார். நிர்வாகத்திலிருந்து வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். அன்று முதல் உறைமழை என்றால் உடனே மூடுவது என்று ஆயிற்று. கொக்கிகள் உறையாமல் இருக்க, மின்சாரத்தில் சூடாகும் சூட்டுக் கம்பி வைத்தார்கள். வெளிநாட்டவர் யாராவது ஏறினால், அவர்கள் மொழி தெரிந்தவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளும் வழக்கமும் வந்தது. ஷாமினி, நீ உங்கள் மேலாளரிடம் கேட்க வேண்டியது இந்தச் சூட்டுக் கம்பியைத்தான். அது வரும்வரை காய்ந்த துணி, எண்ணெய்ப் பசை, முடி உலர்த்தும் கருவி.

கூட்டம் முடிந்ததும் ராட்டினத்தைச் சுத்தம் செய்தோம். வானம் கழுவிவிட்டதுபோல நீலமாக இருந்தது. ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினோம். கோணிய கொக்கியை ஜெகன் மாற்றியிருந்தார். வாசலைத் திறந்தார்கள். முதல் ஆளாக வந்து நின்றவர் புஷ்பம் அக்கா. கழுத்தில் கயிறு கட்டி இன்ஹேலரை மாலைபோலத் தொங்கவிட்டிருந்தார். பின்னால் ராஜமாணிக்கம் அண்ணன், மகள், குழந்தை.

"நான் ஏற மாட்டேன். சொல்லிட்டேன்" என்றார் அண்ணன், யாரும் கேட்பதற்கு முன்பே. "இவ புடிச்ச புடி. மதியம் பஸ் கெளம்புது, அதுக்குள்ள வரணும்னு நிக்கிறா."

"பின்ன என்ன லா? அத்தன சுத்து சுத்துனேன், ஒரு மல கூட பாக்கல. கண்ணாடி பூரா ஐஸ். ஊர்ல போய் என்னன்னு சொல்றது? லக்சா சாப்ட்டேன்னா?"

மொரித்தா-சானுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தானே வந்து கூண்டின் கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே கை காட்டினார். புஷ்பம் அக்கா ஏறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டினார். "நீயும் வா."

வேலை நேரத்தில் ஏறக்கூடாது. நான் மொரித்தா-சானைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த வாக்கி-டாக்கியை வாங்கிக்கொண்டு, என் இடத்தில் போய் நின்றார். நான் ஏறினேன். கதவைப் பூட்டினார்.

மேலே போகப் போக ஊர் விரிந்தது. வயலெல்லாம் வெள்ளை. நேற்று உறைந்த மரங்கள் வெயிலில் கண்ணாடி மரங்களாய் நின்றன. தூரத்தில் மலை, அதற்கு அப்பால் ஒரு கோடாகக் கடல். புஷ்பம் அக்கா உச்சிவரை கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இந்த ஊரில் இரண்டாவது குளிர்காலமாக வேலை செய்தும் நான் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உச்சியைத் தாண்டியதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப சொல்லு. நீ யாரு வீட்டுப் புள்ள?"

"ஆயர் ஈத்தாம்க்கா. எங்கப்பா பஸ் கண்டக்டரா இருந்தாரு. ஆயர் ஈத்தாம்லருந்து டவுனுக்குப் போற பஸ்ல."

"கண்டக்டரா?" நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் டவுன்ல வேல பாக்கறப்ப அந்தப் பஸ்லதான் போவேன். மீச வெச்சிருப்பாரா? காதுல பென்சில் சொருகியிருப்பாரா? ஒரு கண்டக்டர் இருந்தாரு, எறங்கற எடம் வர்றதுக்கு முன்னாடியே பேரச் சொல்லி எழுப்பிவிடுவாரு…"

அதற்குள் மேடை வந்துவிட்டது. மொரித்தா-சான் கொக்கியில் கை வைத்தார். உள்ளே பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்த கையையும், ஓயாமல் பேசும் வாயையும் பார்த்தார். கையைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு, ஓரடி பின்னால் நகர்ந்து, எங்களைப் பார்த்துக் குனிந்தார்.

கூண்டு மறுபடியும் மேலே ஏறியது.

"மீச இருந்துச்சா இல்லியா, மொதல்ல அதச் சொல்லு" என்றார் புஷ்பம் அக்கா.